வேலைநிறுத்தத்தின் வலிமை யார் கையில் இருக்கிறது?

2024 செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரத்தை அடுத்த சாம்சங் வீட்டு உபயோகப் பொருள் ஆலையின் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குச் செல்லாமல் வெளியே பந்தல் போட்டு அமர்ந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் செய்யும் அந்த ஆலையில் ஏறத்தாழ 1,800 பேர் வேலை பார்த்துவந்தார்கள். 2007 முதல் இயங்கிவந்த அந்த இடத்தில் அதுவரை பதிவு பெற்ற சங்கம் என்று ஒன்று இருந்ததில்லை. 37 நாள்கள் நீடித்த அந்தப் போராட்டத்தில் ஊதிய உயர்வும் வேலை நேரமும் பேசப்பட்டன. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற கோரிக்கை, தாங்கள் அமைத்த சங்கம் பதிவு செய்யப்பட வேண்டும், நிர்வாகம் அந்தச் சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே.

தொழிற்சங்கம் அமைத்துப் பதிவு செய்துகொள்ளும் வழியைச் சட்டம் 1926லேயே திறந்துவிட்டது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து அதே உரிமைக்காக ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இழக்க ஆயிரம் குடும்பங்கள் தயாராக வேண்டியிருந்தது என்பதை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறக் கூடாது என்று ஆட்சேபம் எழுந்தது, பதிவு விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது, பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. அடுத்த மாதமே சங்கப் பொறுப்பாளர்கள் சிலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட, தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதைத் தொழிற்சங்க இயக்கத்தின் மறுமலர்ச்சி என்று எழுதிய நண்பர்கள் உண்டு. அந்தத் தொழிலாளர்களின் உறுதியில் எனக்கு மிகுந்த மதிப்பு இருக்கிறது. ஆனால் அந்த 37 நாள்களில் வேறொன்றும் நடந்தது. அதைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசப்படவில்லை. முதல் சில நாள்களில் உற்பத்தி பெரிதும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பிறகு வேலைநிறுத்தத்தில் சேராதவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் பயிற்சித் தொழிலாளர்களையும் வைத்து நிர்வாகம் ஆலையை ஓட்டியது. நிரந்தரத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றும் ஆலை முழுமையாக நிற்கவில்லை. தொழிற்சங்கத்தின் வலிமை குறைந்துவருவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொழிலாளியிடம் போராடும் குணம் குறைந்துவிட்டது, இளைஞர்கள் செல்போனில் மூழ்கிவிட்டார்கள், எல்லோரும் வீட்டுக் கடனுக்கும் வண்டிக் கடனுக்கும் பயப்படுகிறார்கள் என்றெல்லாம் காரணம் சொல்வதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். இவற்றில் கடன் என்ற காரணத்தை மட்டும் ஓரளவு ஏற்கலாம். மற்றவை தலைமையின் வசதிக்காகச் சொல்லப்படுபவை. வேலைநிறுத்தம் எந்தக் காலத்திலும் தொழிலாளியின் கோபத்தை மட்டும் நம்பி வென்றதில்லை. அவர் கையை எடுத்தால் பண்டம் வெளியே வராது என்ற நிலை இருந்தபோது அது வென்றது. அந்த நிலை இல்லாத இடங்களில், எவ்வளவு பெரிய கூட்டம் திரண்டாலும், தோற்றது.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்ற அந்தப் போராட்டம் சில நாள்களிலேயே 50 சதவீத ஊதிய உயர்வையும் வார விடுமுறையையும் பெற்றுத் தந்தது. அன்று தொழிற்சங்கச் சட்டம் இல்லை, பதிவு இல்லை, தொழிலாளர் துறை இல்லை. ஆனால் ஆலையின் நூற்புக் கதிர்களை இயக்கத் தெரிந்தவர்கள் முழுவதும் வெளியே இருந்தார்கள், ஊர் அவர்களோடு இருந்தது, அவர்களின் இடத்தில் நிறுத்த வேறு ஆள் நிர்வாகத்துக்கு உடனே கிடைக்கவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்துச் சென்னையில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது, பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். 1920ஆம் ஆண்டுப் பிணக்கின்போது சங்கத் தலைவர்கள்மீது அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றது. வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. தலைவர்கள் இப்படி நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டதன் எதிரொலியாகத்தான் 1926ஆம் ஆண்டுச் சட்டமே பிறந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1921இல், சங்கம் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வேலைநிறுத்தத்தில் தோற்றுவிட்டது. மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டத்தின் நடுவில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் கணிசமானோர் வேலைக்குத் திரும்பினார்கள். அதைத் தொடர்ந்து புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மோதல்கள் வெடித்தன, துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அக்டோபரில் போராட்டம் முடிவுக்கு வந்தபோது கையில் எதுவும் இல்லை.

திரும்பிப் போனவர்களைக் கருங்காலிகள் என்று ஏசுவது அன்றும் எளிதாக இருந்தது, இன்றும் எளிதாக இருக்கிறது. ஆனால் சேமிப்போ, ஊரில் நிலமோ, கடன் தருவதற்கு உறவோ இல்லாத மக்கள் எத்தனை மாதம் பட்டினி கிடக்க முடியும் என்று அவர்களைக் கேட்காமல் அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தம் அது. சங்கத்தின் பேச்சிலும் பொறுப்பிலும் அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆலைக்குள் சாதியால் பிரிந்து கிடந்தவர்களை வெளியில் ஒரே வரிசையில் நிறுத்திவிட முடியும் என்று தலைமை நம்பியது; அந்தப் பிளவை நிர்வாகமும் அரசும் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டன. இந்த வரலாறு நம் இயக்கத்தின் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

பம்பாயின் கதையும் இதனோடு சேர்ந்தது. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஜவுளித் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி திரும்பப் பெறப்படவே இல்லை. நகரமே அசந்துபோன அந்தப் போராட்டத்தின்போது சந்தையில் துணிக்குப் பஞ்சம் வரவில்லை, ஏனென்றால் பிவண்டியிலும் பிற ஊர்களிலும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆலை முதலாளிகளில் பலருக்குத் துணியைவிட ஆலை நின்ற நிலத்தின் மதிப்பே பெரிதாகத் தெரியத் தொடங்கிய காலம் அது. நின்றுபோன ஆலையால் முதலாளிக்கு இழப்பு இல்லை என்றால் அதை நிறுத்திவைப்பதால் தொழிலாளிக்கும் பயன் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். 2022-23ஆம் ஆண்டுக்கான அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் அந்த விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலேயே இருந்துகொண்டு பயிற்சித் தொழிலாளி, குறித்த காலப் பணியாளர் என்ற பெயர்களில் வேலை செய்பவர்கள் வேறு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்பது அதன் சாரம். அருமையான சட்டம். அந்த 480ஐ எட்டுவதற்கு முன் ஆளை நிறுத்திவிட்டுப் புது ஆள் எடுப்பது, ஒப்பந்ததாரரை மாற்றி அதே ஆளைப் புதிய ஆளாகக் கணக்குக் காட்டுவது, உற்பத்தி வரிசையில் முழு நேரம் நிற்பவரைப் பயிற்சியில் இருப்பவர் என்று எழுதுவது ஆகிய வழிகளில் அது தினமும் ஏமாற்றப்படுகிறது. இந்த ஏமாற்றுக்கு எதிராக எத்தனை சங்கங்கள் தங்கள் ஆலையில் வழக்குப் போட்டிருக்கின்றன என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் ஒரகடம் பகுதியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் ஒரே இயந்திரத்தின் முன்னால் மூன்று நிறச் சட்டைகள் நிற்கும்: நிரந்தரத் தொழிலாளிக்கு நீலம், பயிற்சித் தொழிலாளிக்குச் சாம்பல், ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காக்கி. தகடு ஒன்றுதான், அச்சு ஒன்றுதான், கை நசுங்கினால் வலியும் ஒன்றுதான். காக்கிச் சட்டையின் சம்பளம் மட்டும் நீலச் சட்டையின் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கேன்டீனில் உணவு ஒன்றாக இருந்தாலும் வரிசை தனித்தனி. ஊதிய ஒப்பந்தப் பேச்சு முறிந்து சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தபோது நீலச் சட்டைகள் மட்டும் வெளியே வந்தார்கள். காக்கிச் சட்டைகளை யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் மறுநாள் அவர்களுக்கு வேலை இருந்திருக்காது. அச்சு மாற்றிப் பொருத்தும் செட்டர் வேலை தெரிந்தவர்கள் நீலச் சட்டையில்தான் இருந்தார்கள் என்பதால் முதல் வாரம் உற்பத்தி தடுமாறியது. பிறகு நிர்வாகம் வேறு ஊர் ஆலையிலிருந்து பொறியாளர்களை வரவழைத்து அச்சுகளைப் பொருத்தச் செய்தது. காக்கிச் சட்டைகள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இயந்திரத்தை ஓட்டினார்கள். வேலைநிறுத்தம் முடிந்து கையெழுத்தான ஒப்பந்தத்தில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஓரளவு உயர்வு கிடைத்தது. இனி வரும் காலியிடங்களை எப்படி நிரப்புவது என்பது நிர்வாகத்தின் உரிமை என்ற ஒரு வரியும் அதில் இருந்தது. ஓய்வு பெறுகிறவரின் இடத்தில் எந்த நிறச் சட்டை வரும் என்பதை அந்த ஒரு வரி முடிவு செய்துவிட்டது. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சங்கத்தின் சம்பளம் ஏறுகிறது, சங்கத்தின் எண்ணிக்கை இறங்குகிறது. இந்தப் பகுதியில் நான் அறிந்த பல ஆலைகளின் நிலை இதுதான்.

சட்டம் இந்தச் சரிவை மேலும் வேகப்படுத்தும் என்று அஞ்சுகிறேன். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பழைய சட்டத்தில் இந்தக் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. முன்னறிவிப்பு போனதும் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டுவார். கூட்டிய நாளிலிருந்து சமரசப் பேச்சு தொடங்கிவிட்டதாகக் கருதப்படும். பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள்கள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. பிணக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால் அங்கே வழக்கு முடியும் வரையிலும் அதற்குப் பிறகு 60 நாள்களும் கூடாது. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முன்னறிவிப்புக் கடிதத்தைக் கொடுப்பதே வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாக்கும் முதல் படியாக மாறிவிடுவது தெரியும். பாதித் தொழிலாளர்களோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. மீறினால் தொழிலாளிக்கு அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ உண்டு; தூண்டியவருக்கு அபராதம் இன்னும் கூடுதல். மறுபுறம், அரசின் அனுமதியின்றி ஆலையை மூடவும் ஆட்குறைப்புச் செய்யவும் இருந்த வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300க்கு உயர்த்தப்பட்டுள்ளது.

பல சங்கங்கள் இருக்கும் ஆலையில் 51 சதவீதத் தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற ஏற்பாடும் இந்தத் தொகுப்பில் வருகிறது. நிர்வாகம் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டிய கட்டாயம் தமிழ்நாட்டில் இதுவரை இல்லை என்பதால் இதில் ஒரு வாய்ப்பு இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியின் முதலாளி காகிதத்தில் ஒப்பந்ததாரர் என்பதால், ஆலையின் பேச்சுவார்த்தை மேசையில் அவருக்காகப் பேச வேண்டிய கடமை அந்த 51 சதவீதச் சங்கத்துக்கு வந்துசேராது.

நீதிமன்றத்தின் பக்கமும் ஆறுதல் குறைவு. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1,70,000 பேர் அவசரச் சட்டத்தின்கீழ் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் அந்த அடி ஒரு தலைமுறை ஊழியர்களின் மனத்தில் இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடத்தில்கூட வெல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு ஊழியருக்கு வாக்கு என்ற இரண்டாவது கருவி இருந்தது. தனியார் ஆலைத் தொழிலாளிக்கும் அது ஓரளவு உதவியிருக்கிறது: 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டத்திருத்தம், கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்த்ததால் சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வேலைநிறுத்தம்கூடத் தொடங்காமல் கிடைத்த வெற்றி அது. நம் சங்கங்களுக்கு இன்று ஆலையைவிட அரசியலில்தான் பிடி அதிகம் என்பதற்கும் அதுவே சான்று. மத்திய சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும் ஒருநாள் பொது வேலைநிறுத்தம் கண்டனத்தைப் பதிவு செய்கிறது, அதற்குமேல் எந்த நிர்வாகத்தையும் மேசைக்கு இழுத்து வருவதில்லை.

அப்படியானால் வேலைநிறுத்தத்துக்கு எதிர்காலம் இல்லையா? இருக்கிறது என்றே நம்புகிறேன். ஆனால் அது நாம் பழகிய இடத்திலிருந்து வரவில்லை. 2021 டிசம்பரில், ஆப்பிள் நிறுவனத்துக்காக ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, விடுதிகளிலிருந்து இறங்கிவந்த பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், பல மாவட்டங்களிலிருந்து வந்த இருபது வயதுக்காரிகள். அங்கே சங்கம் இல்லை, சந்தா இல்லை, முன்னறிவிப்பு இல்லை. ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. விடுதிகளின் நிலை குறித்து அரசும் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அந்தப் பெண்கள் ஒரே இரவில் நாட்டின் கண்முன் வைத்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒருசேர வெளியே வந்ததால் அவர்களின் இடத்தில் நிறுத்த யாரும் இல்லை. ஆனால் அந்த எழுச்சியைத் தொடர்ந்து ஏந்திச் செல்ல ஓர் அமைப்பு உருவாகவில்லை என்ற குறையும் உண்மை.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்த தூய்மைப் பணியாளர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து ஏறத்தாழ இரண்டு வாரம் அவர்கள் அங்கேயே கிடந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நிரந்தர வேலை என்ற பாதுகாப்பே இல்லாதவர்கள், இழக்க வேலையும் கூலியும் மட்டுமே உள்ளவர்கள், அவற்றையும் பணயம் வைத்துப் போராடினார்கள். ஒப்பந்தத் தொழிலாளி பயந்தவர், அவரை நம்பி இறங்க முடியாது என்று சங்கக் கூட்டங்களில் சொல்பவர்களுக்கு இவர்களைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

உற்பத்தி முறையிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரகடம் வட்டாரத்தின் கார் ஆலைகள் இருக்கைகளையும் கண்ணாடிகளையும் கிடங்கில் வாரக்கணக்கில் அடுக்கிவைப்பதில்லை. சுற்றியுள்ள சிறு ஆலைகளிலிருந்து மணிக் கணக்குப்படி லாரியில் வந்து நேரே உற்பத்தி வரிசைக்குப் போகின்றன. இருக்கை செய்யும் ஆலையில் சில மணி நேரம் வேலை நின்றால் அன்று மாலைக்குள் பெரிய ஆலையும் திணறும். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்று முடிவான பிறகும், 2022 கோடையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திக் கூடுதல் இழப்பீட்டுக்குப் பேரம் பேச முடிந்தது, ஏனென்றால் ஏற்றுமதிக்காகச் செய்து முடிக்க வேண்டிய கடைசி வண்டிகள் அவர்கள் கையில் இருந்தன. பெரிய ஆலையின் சங்கமும் அதற்குப் பொருள் தரும் சிறு ஆலைகளின் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் ஒரே கோரிக்கைப் பட்டியலோடு நின்றால் என்ன நடக்கும் என்பதை இதுவரை எந்தத் தலைமையும் முயன்று பார்க்கவில்லை. பெரிய ஆலைக்குள் இருக்கும் காக்கிச் சட்டையையே சேர்க்காத சங்கம், வெளியே பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் சிறு ஆலையைச் சேர்க்கும் என்று இப்போதைக்கு எதிர்பார்ப்பது கடினம்.

பெரும்பாலான ஆலைகளில் ஊதிய ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முடிவுக்கு வரும். அடுத்த கோரிக்கைப் பட்டியலைத் தயாரிக்க சங்கங்கள் பொதுக்குழுவைக் கூட்டும்போது நான் கேட்க விரும்புவது இரண்டு. தொடர்ந்து வேலை பார்த்து 480 நாள்களைக் கடந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அந்தக் கோரிக்கையோடு இணைக்கப்படுமா? அந்தப் பொதுக்குழுவில், சந்தா கட்டிய உறுப்பினராக, வாக்களிக்கும் உரிமையோடு, காக்கிச் சட்டைக்காரர் உட்கார்ந்திருப்பாரா? சங்கத்தின் விதிகளைத் திருத்தி அவரை உறுப்பினராக்க எந்த நிர்வாகத்தின் அனுமதியும் தேவையில்லை, எந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.